பெயிண்டுக்கு முன்னால் பார்த்தது யார்

மகனே,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வடக்கே போகிறாய் என்பதை நம் யார்டு மெக்கானிக் பொன்ராஜ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குஜராத் பக்கம் ஒரு துறைமுகத்தில் எல்லா வண்டிகளின் பராமரிப்பையும் உன் பொறுப்பில் விடுகிறார்களாம். நல்லது. நாம் இரண்டு பேரும் ஒரே கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறோம். நான் ரீச் ஸ்டேக்கர் ஓட்டுகிறேன். அதைப் பராமரிக்கிற சூப்பர்வைசர் நீ. அநேகமாகத் தினமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். ஆனால் ஆயுத பூஜை கழிந்த நாளிலிருந்து நீ என்னிடம் பேசியதெல்லாம் வண்டியைப் பற்றி மட்டும்தான். "டீசல் போட்டாச்சா?" "டயர்ல காத்து பாத்தாச்சா?" நானும் போட்டாச்சு, பாத்தாச்சு என்று சொல்லிவிட்டு ஏறிவிடுகிறேன். நீ வீட்டை விட்டுப் போய், தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற புதுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாய். போனை எடுப்பதில்லை. ரயில் ஏறும் முன் ஒரு தடவை திரேஸ்புரத்து வீட்டுக்கு வருவாயா, வராமலே போய்விடுவாயா என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இதை எழுதுவது உன் தங்கச்சி மெர்சி. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். எனக்கும் எழுத வரும். ஆனால் லீவரைப் பிடித்துப் பிடித்துப் பேனா கையில் நிற்க மாட்டேன் என்கிறது. அவள் பத்தாம் வகுப்போடு நின்றவள்தான். படிப்பு வராமல் நிற்கவில்லை, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும், அது உனக்கே தெரியும். எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவாள். நான் பேசுவதை அவள் புத்தகத்தில் வருகிற தமிழாக மாற்றிப் போடுகிறாள். ஆட்கள் பேசியதை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். உன் புது யார்டில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களும் படிக்கட்டும். அதனால்தான் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுகிறேன்.

உன் அம்மாவுக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. "தப்பு எம்மேலதான்னு எழுதிருங்க. பிள்ளை வந்துரும். ஒரு வரிதான, அதுல ஒங்க கிரீடமா எறங்கிரும்?" என்கிறாள். காலையிலிருந்து நாலைந்து தடவை சொல்லிவிட்டாள். அந்த வரியை எழுதினால் நீ வந்துவிடுவாய் என்று நானும் நினைக்கிறேன். உனக்கு இளகின மனசுதான். அதை எழுதலாமா, கூடாதா என்றுதான் பூஜை முடிந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நடந்ததை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். சொல்லி முடிக்கும்போது எனக்கும் ஒரு முடிவு கிடைக்கும்.

ரீச் ஸ்டேக்கர் என்பது சரக்குப் பெட்டியை மேலிருந்து பிடித்துத் தூக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற வண்டி. யானை தும்பிக்கையை நீட்டுவதுபோல் அதன் பூம் நீளும். பூமின் நுனியில் பெட்டியைக் கவ்வுகிற இரும்புச் சட்டம் தொங்கும். பெட்டியின் முழுப் பாரமும் அந்த நுனியில் இருக்கிற வெல்டிங்கின்மேல்தான் வந்து நிற்கும். அந்த வெல்டிங்கில் விரிசல் விழுந்தால் அது சத்தம் போடாது. முதலில் மேலே இருக்கிற பெயிண்ட் முடியளவுக்குப் பிளக்கும். அந்தப் பிளவுக்குள் நம் ஊர்க் கடற்காற்று போய்விடும். கொஞ்ச நாளில் அதிலிருந்து துரு கசிந்து, மஞ்சள் பெயிண்டின்மேல் ஒரு பழுப்புக் கோடு இறங்கும். உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது என்று எல்லோரும் திட்டுகிறார்கள். எங்களை மாதிரி ஆட்களுக்கு அதுதான் காட்டிக்கொடுக்கிற ஆள். தினமும் வண்டியில் ஏறும் முன் நான் ஒரு சுற்றுச் சுற்றி வருவேனே, ஆயில், கூலன்ட், ஹைட்ராலிக் குழாய், டயர் என்று பார்த்துவிட்டுக் கடைசியில் பூமின் நுனியைப் பார்ப்பது அந்தக் கோட்டுக்காகத்தான். பழைய பெயிண்ட் இருக்கிற வரைக்கும் அந்தக் கோடு தெரியும். புது பெயிண்ட் அடித்தால் ஒன்றும் தெரியாது.

நம் ஆட்கள் வருஷம் முழுக்க வண்டியைச் சேற்றோடும் கிரீஸோடும் போட்டு ஓட்டுவார்கள். ஆயுத பூஜை வந்தால் மட்டும் அதற்கு எண்ணெய்க் குளியல் நடத்தாத குறைதான். கழுவி, பெயிண்ட் அடித்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். நாம் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்றாலும் அன்றைக்கு நானும் முன்னால் நின்று பொரிகடலை வாங்கித் தின்கிறவன்தான். என் கேபினில் ஜெபமாலையும் தொங்குகிறது, பழைய டிரைவர் ஒட்டிவிட்டுப் போன முருகன் படமும் இருக்கிறது. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் ஒரு வரிசை உண்டு. கழுவ வேண்டும், காய விட வேண்டும், பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பெயிண்ட். ஒவ்வொரு வருஷமும் கழுவின மறுநாள் நானும் பொன்ராஜும் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டுத்தான் பெயிண்டரைக் கூப்பிடுவோம்.

போன ஆயுத பூஜைக்கு அது நடக்கவில்லை. யார்மேலும் குற்றம் சொல்ல முடியாதபடிதான் நடக்காமல் போனது. பூஜை வாரத்தில் தூத்துக்குடியில் பெயிண்டர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எல்லா யார்டுக்கும், எல்லா லாரி செட்டுக்கும் அந்த வாரம்தான் அவர்கள் வேண்டும். நம் பெயிண்டர் வண்டி கழுவின அன்று சாயங்காலமே வந்து நின்றுவிட்டார். இன்றைக்கு விட்டால் இனிப் பூஜை முடிந்துதான் வருவேன் என்றார். நீ அடிக்கச் சொல்லிவிட்டாய். பொன்ராஜ் பார்த்திருப்பார் என்று நீ நினைத்தாய். நீ பார்த்திருப்பாய் என்று பொன்ராஜ் நினைத்தார். நான் கீழவைப்பாரில் உன் அத்தை மகனுக்குக் கோவிலில் முதல் நற்கருணை, புதுநன்மை என்று லீவு போட்டுவிட்டு, பிரியாணி தின்றுகொண்டிருந்தேன்.

பூஜைக்கு மறுநாள் காலையில் நான் யார்டுக்கு வந்தபோது வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. மாலைகூட வாடவில்லை. வெளியே டிரெய்லர்கள் ரோடு வரைக்கும் வரிசையில் நின்றன. அன்றைக்கு ஏற்ற வேண்டிய பெட்டிகள் மதியத்துக்குள் துறைமுகத்துக்குள் போனால்தான் அந்தக் கப்பலைப் பிடிக்கும். நான் வழக்கம்போல் சுற்றி வந்தேன். பூமின் நுனிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். பளபளவென்று ஒரே மஞ்சள். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வாக்கி டாக்கியில் உன்னைக் கூப்பிட்டார்கள். நீ வந்து கேட்டாய்:

"என்னப்பா, ஏறாம நிக்கிய? டிரெய்லரு எவ்வளவு நிக்குன்னு பாத்தியளா?"

"ஏலே, பெயிண்டுக்கு முன்னால இதை யாருல பாத்தது?"

"பொன்ராஜ் அண்ணாச்சி பாத்திருப்பாரு."

"பாத்திருப்பாரா, பாத்தாரா?"

பொன்ராஜ் பக்கத்தில்தான் நின்றார். "நான் கழுவும்போது அங்கனதான் நின்னேன் அண்ணாச்சி. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"நின்னீரு சரி வே. நுனியப் பாத்தீரா?"

"எங்க பாக்க? மேல இருந்து தண்ணிய அடிக்கானுவ. எம் மூஞ்சிலல்லா விழுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வரிசையில் முதலாவதாக நின்ற டிரெய்லர் டிரைவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, புதுப்பொண்ணுக்குப் பவுடர் கலஞ்சிரும்னு தொட மாட்டிக்கியளோ?" என்றான். நான், பெயிண்டைச் சுரண்டிப் பார்க்காமல் இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்றேன். நீ என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "ஒங்களுக்கு எதாவது சத்தம் கேட்டுச்சா? ஆட்டம் தெரிஞ்சுதா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "பொறவு எதுக்குப்பா? உறுதியாத் தெரியுமா ஒங்களுக்கு, விரிசல் இருக்குன்னு?" என்றாய். தெரியாது என்றேன். "தெரியாதுல்ல? பொறவு என்னைய எதுக்கு இத்தனை பேரு முன்னால நிக்க வைக்கிய?" என்றாய். மேனேஜரும் வந்துவிட்டார். உன்னைப் பார்த்து, "நீங்க முடிவு பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

நீ அவர் முன்னால் வேறு மாதிரி முடிவு செய்திருக்கலாம். வேறு டிரைவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆள் இருந்தது. நீ நேராக ஸ்டோருக்குப் போய் விரிசல் சோதிக்கிற மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாய். நீயே ஏணியில் ஏறினாய். கம்பி பிரஷ்ஷால் புதுப் பெயிண்டையும் அதன் கீழே பழைய பெயிண்டையும் சுரண்டி, வெல்டிங்கை வெள்ளை இரும்பாக்கினாய். துடைத்தாய். சிவப்பு மருந்தை அடித்துவிட்டு, அது உள்ளே இறங்குகிறவரை ஏணியிலேயே நின்றாய். கீழே ஒருவன், "சொரண்டுங்க, உள்ள லாட்டரி நம்பரு கெடக்கும்" என்றான். நீ திரும்பவில்லை. சிவப்பை முழுக்கத் துடைத்துவிட்டு மேலே வெள்ளை மருந்தை அடித்தாய். விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு அந்த வெள்ளையின்மேல் கோடாக ஏறி வரும். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. நீ டார்ச் அடித்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். ஒன்றும் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. இறங்கி வந்து என்னிடம் கேட்டாய், "போதுமாப்பா?" என்று. நான், "போதும். ஏறுதேன்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கும் தெரியும். சில பெட்டிகள் அந்தக் கப்பலைத் தவறவிட்டன. மேனேஜர் உன்னை அறைக்குக் கூப்பிட்டு, "ஒங்க அப்பாவை வீட்டோட சமாளிங்க, யார்டுக்குக் கொண்டு வராதீங்க" என்றாராம். பொங்கலுக்குள் உனக்குத் தருவதாகச் சொல்லியிருந்த பதவி வேறு ஒருவருக்குப் போனது. எனக்குச் சொரண்டி அண்ணாச்சி என்று பேர் வந்தது. அதில் எனக்கு ஒன்றும் இல்லை, பேரோடு டீ வாங்கித் தருகிறார்கள். ஆனால் உனக்குப் போனது பெரியது. அன்றைக்குச் சாயங்காலம் நீ வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "ஒண்ணுமே இல்லாததுக்குப் போயி எம் பொழப்பக் கெடுத்துட்டிய" என்றாய். நான், "ஒண்ணுமில்லன்னு இப்பத்தான்ல தெரியும். காலையில தெரியாதுல்லா" என்றேன். அந்தப் பேச்சு அன்றைக்கு உனக்கு எரிச்சலாக இருந்திருக்கும். நீ எழுந்து போய்விட்டாய். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய்.

இந்த இடத்தில் உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து, "அவன் தட்டத் தள்ளினதையெல்லாம் எதுக்கு எழுதுதிய? வாரவனும் வர மாட்டான்" என்கிறாள். மெர்சி பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். இருக்கட்டும், எழுது என்று சொல்லிவிட்டேன்.

நான் இத்தனை நாள் யோசித்தது இதுதான். அன்றைக்கு வெள்ளையின்மேல் ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தால் என்னைத் தூக்கிவைத்து ஆடியிருப்பார்கள். உன்னையும்தான். அப்பன் பிடித்தார், மகன் கண்டுபிடித்தான் என்று போட்டோ எடுத்து மாட்டியிருப்பார்கள். கோடு ஏறாததால் நான் பிடிவாதக்காரன், நீ அப்பன் பேச்சைக் கேட்டு யார்டை நிறுத்தினவன். ஆனால் அன்று காலையில் நாம் செய்த காரியம் இரண்டுக்கும் ஒன்றுதான். அதே ஏணி, அதே பிரஷ், அதே மருந்து. கோடு வருவதும் வராததும் இரும்பின் விஷயம், நம் விஷயம் இல்லை. பார்க்காமல் தூக்கியிருந்தாலும் அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது இப்போது தெரிகிறது. காலையில் அது தெரியாது. முதல் பெட்டியை நான் இறக்க இருந்தது, பவுடர் கலஞ்சிரும் என்று கேலி பேசினானே, அவன் டிரெய்லரின்மேல்தான். நான் மேலே பெட்டியை ஆட்டிக்கொண்டிருப்பேன். அவன் கேபினுக்குள் உட்கார்ந்து பெண்டாட்டியிடம் போனில் பேசிக்கொண்டிருப்பான். ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு அவன் தலைக்கு மேலே அதைக் கொண்டுபோக எனக்குத் துணிச்சல் இல்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

நீ என்னிடம் உறுதியாகத் தெரியுமா என்று கேட்டாய். புது இடத்தில் இனி உன்னிடம் ஆட்கள் வந்து வண்டியை நிறுத்துவார்கள். அப்போது அந்தக் கேள்வியைக் கேட்காதே. உறுதியாகத் தெரிந்தவனுக்குச் சோதனை எதற்கு? தெரியாதவன்தான் நிறுத்துவான். தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுகிற டிரைவர் உனக்குக் கிடைத்தால் அவனை விரட்டிவிடாதே. அவன் தொந்தரவாகத்தான் இருப்பான். பத்துத் தடவை நிறுத்தி ஒரு தடவைகூட ஒன்றும் கிடைக்காமல் போகலாம். அப்படிக் கிடைக்காமலே அவன் ரிட்டயர் ஆகிப் போனால் அது நல்ல யார்டு. பெயிண்டருக்கும் ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லி வை. கிரீஸ் ஏற்றுகிற நிப்பிளின் வாயிலும் பெயிண்டை அப்பிவிடுவார்கள். பிறகு கிரீஸ் உள்ளே போகாது, அடித்தவனும் அடித்துவிட்டேன் என்று போய்விடுவான். டயரின் வெளிப்பக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், உள்பக்கத்தைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். குனிய மாட்டேன் என்கிறார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் சொல்லுகிறேன்.

உண்மையில் இந்தப் புத்தியை உனக்கு நான் கொடுக்கவில்லை, நீதான் எங்களைப் பாடு படுத்தினாய். சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாதா கோவில் திருவிழாவுக்குக் கிளம்பினால், தெருமுக்குத் திரும்பினதும் நீ நின்றுவிடுவாய். பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை என்பாய். நான் இழுத்துப் பார்த்தேன் என்று சொன்னாலும் கேட்க மாட்டாய். "நீங்க பாத்தது நீங்க பாத்தது. நான் பாக்கல்லா" என்று திரும்பி ஓடுவாய். சப்பரம் கிளம்பிப் போயிருக்கும், நாம் பின்னால் ஓடுவோம். உன் அம்மா உன் காதைத் திருகுவாள். ஒரு வருஷமாவது பூட்டு திறந்து கிடந்ததா? இல்லை. அதற்காக மறு வருஷம் நீ ஓடாமல் இருந்தாயா? அதுவும் இல்லை. அப்போது நான் சிரித்தேன். நீ வளர்ந்து பராமரிப்பு வேலைக்குத்தான் போவேன் என்றபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. அப்படிப்பட்டவன் ஏன் அன்றைக்குப் பார்க்காமல் அடிக்கச் சொன்னாய் என்றும் கேட்க மாட்டேன். பூஜை வாரம், பெயிண்டர் வாசலில் நிற்கிறார், மேனேஜர் போனில் இருக்கிறார். உன் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அது தெரியும். நான் உட்கார்ந்ததில்லை.

ஆகவே உன் அம்மா கேட்கிற வரியை நான் எழுத முடியாது. எழுதினால் நீ வீட்டுக்கு வருவாய், மீன் குழம்பு சாப்பிடுவாய், ரயில் ஏறுவாய். எனக்கும் அது வேண்டும். ஆனால் அந்த வரியைக் கொண்டுபோய் நீ ஒரு துறைமுகத்தில் வண்டிகளுக்குப் பொறுப்பாக உட்காரப் போகிறாய். ஒன்றும் கிடைக்காத சோதனை தப்பான சோதனை என்று உன் அப்பனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும். நாளைக்கு அங்கே ஒருவன் பெயிண்டைச் சுரண்டச் சொன்னால், உனக்கு அந்த வரி ஞாபகம் வரும். அது வரக்கூடாது. இந்த வருஷமும் யாரும் பார்க்காமல் பெயிண்ட் அடித்தால் நான் ஏற மாட்டேன். சூப்பர்வைசர் நாற்காலியில் நீ இருந்தாலும் சரி, வேறு ஆள் இருந்தாலும் சரி.

நான் எழுதக்கூடியது வேறு ஒன்று இருக்கிறது. அத்தனை ஆட்கள் முன்னால் உன்னை ஏலே என்று கூப்பிட்டேன். யார்டுக்குள் அப்படிக் கூப்பிடாதிய என்று நீ வேலையில் சேர்ந்த அன்றைக்கே கேட்டுக்கொண்டாய். நானும் சரி என்றேன். அன்றைக்கு வாய் தானாகச் சொல்லிவிட்டது. உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, சார், இதைப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தாலும் பெயிண்ட் அதே நேரத்தில்தான் சுரண்டப்பட்டிருக்கும். உன் மரியாதை மட்டும் போயிருக்காது. அது தப்பு. அதை உன் மேனேஜரிடமும் டிரெய்லர்காரர்களிடமும் சொல்லச் சொன்னால் சொல்லுகிறேன். இன்னொன்று, நீ ஏணியில் நின்று அந்தச் சோதனையைச் செய்ததை நான் முதலிலிருந்து கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் இருந்தாய். ஆனாலும் துடைக்கிற இடத்தில் அவசரப்படவில்லை, மருந்து இறங்குகிற நேரத்தைக் குறைக்கவில்லை, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் மறுபடி பார்த்தாய். நீ இறங்கி வந்து போதுமா என்று கேட்டபோது அதைச் சொல்லியிருக்க வேண்டும். போதும், ஏறுதேன் என்று மட்டும் சொன்னேன். எனக்கு அந்த நேரத்தில் அவ்வளவுதான் வந்தது.

வீட்டுக்கு வா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய வீடு இல்லை அது, உன் வீடு. உன் அம்மா கருவாடும் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். போகிற இடத்தில் மழை எப்படியோ, உன் பழைய மழைக்கோட்டையும் எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

உன் அப்பா

அண்ணே, இந்தத் தனித்தாளில் இருப்பது அப்பா சொன்னதில்லை. நான் எழுதுவது.

அப்பா தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அம்மா வந்து அதைப் பார்த்தாள். "ஏளா, எடம் கெடக்குல்லா. அதுல எழுதிரு. அவரா படிச்சுப் பாக்கப் போறாரு? ஒங்க அண்ணன் வந்துட்டாம்னா அவருக்கும் சந்தோசந்தான" என்றாள். "எழுதுளா. ஒனக்கு அண்ணன் வேண்டாமா?" என்று கேட்டு அழுதாள். நான் அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டேன். இனி அங்கே யாரும் எதையும் எழுத முடியாது. அம்மா என்னோடு பேசவில்லை.

உனக்குத் தெரியும், இந்த வீட்டில் உன்னைத் தவிர எனக்குப் பேச ஆள் இல்லை. நீ வராமல் போனால் அதில் அப்பாவுக்கு இருக்கிற பங்கு இனி எனக்கும் உண்டு. தெரிந்துதான் கோடு போட்டேன். அப்பா சொல்லாததற்குக் கீழே அப்பாவின் கையெழுத்து இருந்தால், நீ எதை நம்பி வீட்டுக்குள் வருவாய்? ஒரு நாள் உனக்குத் தெரிந்துவிடும். பிறகு அவர் உன் வேலையைப் பற்றிச் சொன்னதையும் நம்ப மாட்டாய்.

இதைப் போட்டோ எடுத்துப் போனில் அனுப்பச் சொன்னாள் அம்மா. நான் அனுப்பவில்லை. அப்பாவிடம் கொடுத்துவிட்டால் நீ மடித்துப் பையில் வைத்துவிட்டு டீசல் போட்டாச்சா என்று கேட்பாய். அதனால் சனிக்கிழமை காலையில் நான் புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் வருகிறேன், தனியாக. உன் அறை எந்தத் தெருவில் என்று தெரியாது. பஸ் நிற்கிற இடத்தில் இறங்கிக் கடைகளில் கேட்பேன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்பேன். பதில் எழுதித் தர வேண்டாம். வருவேனோ மாட்டேனோ, எதுவானாலும் என்னிடம் வாயால் சொல். கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.